கர்ப்பகாலத்தில் தைராய்டும் சர்க்கரையும்: குடும்பம் அறிந்திருக்க வேண்டியவை

சென்ற மழைக்காலத்தில் ஒரு தாயார் தன் மகளின் மருத்துவ ஃபைலைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு எங்கள் உதவி மையத்துக்கு வந்தார். மகளுக்கு இது இரண்டாவது பிரசவம். எட்டாம் மாதம். இன்சுலின் ஊசி போடச் சொல்லியிருக்கிறார்கள், அந்தச் செலவுக்கு உதவி கிடைக்குமா என்று கேட்கத்தான் வந்தார். பேசப் பேசத்தான் முழு விவரமும் தெரிந்தது.

மகளுக்கு மூன்று வருடமாகத் தைராய்டு குறைவு. தினமும் மாத்திரை. பிள்ளை உண்டானது தெரிந்ததும், "வயித்துல புள்ள இருக்கும்போது மாத்திரை எதுக்கு, புள்ளைக்கு ஆகாது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்ல, அந்தப் பெண் தானாகவே நிறுத்திவிட்டார். மருத்துவரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் மாதத்தில் பார்த்த சர்க்கரைப் பரிசோதனை சரியாக இருந்தது. ஆறாம் மாதம் முடிவதற்குள் பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்கு வந்துவிட்டார். புதிய மருத்துவமனையில் "சர்க்கரை பார்த்தாச்சா?" என்று கேட்டபோது, "பார்த்தாச்சு, நார்மல்" என்று பதில் சொன்னார்கள். அதுவும் பொய்யில்லை. எட்டாம் மாத ஸ்கேனில் பிள்ளை அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கிறது, நீரும் அதிகம் என்று தெரிந்த பிறகுதான் மறுபடி இரத்தம் எடுத்தார்கள். சர்க்கரையும் ஏறியிருந்தது, தைராய்டும் மோசமாகியிருந்தது.

அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பிறந்தவுடன் சர்க்கரை இறங்கியதால் ஒரு நாள் தனி வார்டில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். ஆனால் அந்தத் தாயார் அன்று எங்களிடம் கேட்ட கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை: "மாத்திரையை நிறுத்துனதாலதான் சர்க்கரை வந்துச்சா? எங்களாலதான் ஆச்சா?"

அந்தக் கேள்விக்கு முடிந்தவரை நேர்மையாகப் பதில் தேடுவதுதான் இந்தக் கட்டுரை. அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, அடையாளம் எதுவும் இல்லாமல் எழுதுகிறோம். யாரையும் குறை சொல்வதற்காக அல்ல. இதே நிலை நம் வீடுகளில் யாருக்கும் வரலாம்.

தைராய்டு என்ன செய்கிறது?

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் சிறிய சுரப்பி தைராய்டு. அது சுரக்கும் தைராக்ஸின் என்ற ஹார்மோன்தான் உடம்பு எந்த வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. கேஸ் அடுப்பின் திருகுபோல என்று வைத்துக்கொள்ளலாம். திருகைக் குறைத்தால் உடம்பு மந்தமாகும்: சோர்வு, மலச்சிக்கல், எடை கூடுதல், குளிர் தாங்காமை, முடி உதிர்தல். அதிகமாகத் திருப்பினால் படபடப்பு, கை நடுக்கம், எடை குறைதல், வியர்வை.

கர்ப்பகாலத்தில் இந்தச் சுரப்பிக்கு வேலை கூடுகிறது. வழக்கத்தைவிட ஏறக்குறைய பாதிப் பங்கு அதிகமாகத் தைராக்ஸின் தேவைப்படுகிறது. காரணம், வயிற்றில் உள்ள பிள்ளை தனக்கு வேண்டிய தைராக்ஸினை ஆரம்பத்தில் தானே தயாரிக்க முடியாது. பிள்ளையின் தைராய்டு சுமார் 12 வாரத்துக்குப் பிறகுதான் மெல்லத் தொடங்குகிறது. போதுமான அளவு சுரக்க 18 முதல் 20 வாரம் ஆகிவிடும். அதுவரை பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் இரத்தத்திலிருந்து வருவதுதான் ஆதாரம். அதனால்தான் "பிள்ளைக்காக மாத்திரையை நிறுத்துகிறோம்" என்பது தலைகீழான யோசனை. அந்த மாத்திரையில் இருப்பது அந்நியப் பொருள் அல்ல. உடம்பே சுரக்க வேண்டிய, ஆனால் குறைவாகச் சுரக்கும் அதே ஹார்மோன்தான். தாய்க்கும் பிள்ளைக்கும் அது தேவை.

இங்கே ரிப்போர்ட் பார்க்கும்போது வரும் ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பதல்ல. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, "இன்னும் சுர" என்று தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை. தைராய்டு குறைவாக வேலை செய்தால் கட்டளை பலமாகும். ஆகவே டி.எஸ்.எச். எண் கூடியிருந்தால் தைராய்டு குறைவு என்று பொருள். எண் மிகவும் குறைந்திருந்தால் தைராய்டு அதிகமாக இருக்கலாம். "எண் கூடியிருக்கு, அப்போ தைராய்டு அதிகம்" என்று நினைத்து மாத்திரையைக் குறைத்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

முதல் மூன்று மாதத்தில் கர்ப்ப ஹார்மோனே தைராய்டைச் சற்றுத் தூண்டும். அதனால் டி.எஸ்.எச். கொஞ்சம் இறங்குவது இயல்பு. வாந்தி அதிகம் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மருத்துவர் மறுபடி பார்த்து முடிவு செய்வார்.

சர்க்கரை ஏன் ஏறுகிறது?

ஒரு கல்யாண விருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். அண்டாவில் சோறு வந்து இறங்குகிறது. பரிமாறுகிறவர்கள் எடுத்துப்போய்ச் சஹன் சஹனாக வைக்கிறார்கள். அண்டா காலியாகிறது. நம் இரத்தம்தான் அந்த அண்டா. சாப்பிட்ட உணவிலிருந்து வரும் சர்க்கரை அதில் சேர்கிறது. பரிமாறுகிறவர் இன்சுலின். சஹனில் உட்கார்ந்திருப்பவர்கள் நம் தசைகளும் மற்ற உறுப்புகளும்.

கர்ப்பத்தின் நடுப்பகுதியிலிருந்து நஞ்சுக்கொடி சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. அவை தாயின் தசைகளைச் "போதும், போதும்" என்று கையை மறிக்க வைக்கின்றன. பிள்ளைக்குச் சர்க்கரை தாராளமாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்கான இயற்கை ஏற்பாடு அது. பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரந்து இதைச் சமாளித்துவிடும். சமாளிக்க முடியாதவர்களுக்கு அண்டாவில் சோறு தேங்குகிறது. அதுதான் கர்ப்பகாலச் சர்க்கரை நோய்.

தேங்கும் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போகிறது. ஆனால் தாயின் இன்சுலின் போவதில்லை. பிள்ளை தன் கணையத்திலிருந்தே இன்சுலினைக் கூட்டிச் சுரந்து, வந்த சர்க்கரையைக் கொழுப்பாக்கிப் பெருக்கிறது. அதனால் பிரசவம் கஷ்டமாகலாம், தோள் சிக்கலாம், சிசேரியன் தேவைப்படலாம். தொப்புள்கொடி வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும். பிள்ளையின் உடம்பில் இன்சுலின் மட்டும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் பிறந்தவுடன் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்குகிறது. அந்தப் பெண்ணின் பிள்ளைக்கு நடந்ததும் இதுவே. ஒன்பது நாடுகளில் 23,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பார்த்து 2008-ல் வெளியான ஓர் ஆய்வு, தாயின் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடக்கூட இந்த ஆபத்துகளும் படிப்படியாகக் கூடுகின்றன என்று காட்டியது.

இரண்டுக்கும் என்ன தொடர்பு?

தசைகள் சர்க்கரையை உள்ளே வாங்கிக்கொள்வதற்குத் தைராக்ஸினும் உதவி செய்கிறது. அது குறைந்தால் தசைகள் இன்னும் சீக்கிரமாகக் கையை மறிக்கும், அதாவது இன்சுலின் எடுபடாமை கூடும். கர்ப்பம் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. இரண்டும் சேரும்போது கணையத்துக்குப் பாரம் அதிகம். இன்னொரு பக்கம், தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்தால் கல்லீரல் அதிகமாகச் சர்க்கரையை இரத்தத்தில் கொட்டும். குடலும் வேகமாக உறிஞ்சும். ஆக, குறைந்தாலும் கூடினாலும் சர்க்கரைக் கணக்கு கெட வாய்ப்பு உண்டு.

பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவர்கள், தைராய்டு குறைவு உள்ள கர்ப்பிணிகளுக்கு மற்றவர்களைவிடச் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுதல் என்றே கண்டிருக்கிறார்கள். வெளியே அறிகுறி தெரியாத இலேசான குறைவிலும், தைராய்டைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் உள்ளவர்களிடமும்கூட இந்தப் போக்கு காணப்பட்டிருக்கிறது.

ஆனால் இங்கே மூன்று விஷயங்களைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும்.

ஒன்று: வாய்ப்பு கூடுதல் என்றால் கட்டாயம் வரும் என்பதல்ல. தைராய்டு உள்ள பெண்களில் பெரும்பாலோருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வருவதில்லை. தைராய்டே இல்லாத பலருக்கு அது வருகிறது.

இரண்டு: உடல் பருமன், வயது, பெற்றோருக்குச் சர்க்கரை, முந்தைய பிரசவத்தில் சர்க்கரை அல்லது மிகப் பெரிய பிள்ளை, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை ஆகியவை சர்க்கரைக்கு வலுவான காரணங்கள். இவற்றில் உடல் பருமன், வயது போன்றவை தைராய்டு குறைவோடும் கூட வருபவை. எது எதைக் கொண்டுவந்தது என்று ஒரு பெண்ணைப் பார்த்துப் பிரித்துச் சொல்வது கடினம்.

மூன்று: தைராய்டு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் சர்க்கரை வராது என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. மாத்திரை சாப்பிடுவது தைராய்டுக்காக, பிள்ளையின் வளர்ச்சிக்காக, கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம் போன்ற ஆபத்துகளைக் குறைப்பதற்காக. சர்க்கரைக்கு அது மருந்தல்ல, காப்பும் அல்ல. தைராய்டு சரியாக இருக்கிறது என்பதால் சர்க்கரைப் பரிசோதனையை விட்டுவிடவும் முடியாது.

இதை வைத்து அந்தத் தாயாருக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான்: "மாத்திரையை நிறுத்தியது தவறு. ஆனால் அதனால்தான் சர்க்கரை வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நிறுத்தாவிட்டாலும் வந்திருக்கலாம். ஆறு, ஏழாம் மாதத்தில் ஒருமுறை பார்த்திருந்தால் இரண்டையும் முன்னாலேயே கண்டுபிடித்திருப்பார்கள். அது மட்டும் நிச்சயம்."

எந்தப் பரிசோதனை, எப்போது?

சர்க்கரை: கர்ப்பம் உறுதியானவுடன் முதல் முறை மருத்துவரைப் பார்க்கும்போது ஒன்று. அது சரியாக இருந்தால், 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே குறைந்தது 4 வாரம் இருக்க வேண்டும். மத்திய அரசின் வழிகாட்டுதல் இதுவே. 75 கிராம் குளுக்கோஸைச் சுமார் 300 மில்லி தண்ணீரில் கரைத்து 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். சரியாக 2 மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. குடித்த 30 நிமிடத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் மறுபடி செய்ய வேண்டும். சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் இந்த முறையில் பரிசோதனை செய்யலாம் என்பதால், தூரத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண்களும் பட்டினியாக வர வேண்டியதில்லை.

இந்த எளிய முறையை நாடு முழுவதும் கொண்டுசேர்த்ததில் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யாவுக்குப் பெரும் பங்கு உண்டு. அவருடைய பிறந்த நாளான மார்ச் 10, தேசியக் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது. கர்ப்பிணிகள் அனைவருக்கும் இந்தப் பரிசோதனை என்பதில் தமிழ்நாடு முன்னோடி மாநிலம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே செய்கிறார்கள். மாதந்தோறும் 9-ம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் நடக்கும் கர்ப்பிணிகளுக்கான சிறப்பு முகாமையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தைராய்டு: ஏற்கெனவே தைராய்டு உள்ளவர்கள், கழுத்தில் வீக்கம் உள்ளவர்கள், குடும்பத்தில் தைராய்டு உள்ளவர்கள், முன்பு கருச்சிதைவோ குறைமாதப் பிரசவமோ ஆனவர்கள், பிள்ளைப்பேறு தாமதமானவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், சிறு வயதிலேயே வரும் முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் முதல் வருகையிலேயே டி.எஸ்.எச். பார்த்துவிட வேண்டும். பல மருத்துவர்கள் எல்லோருக்கும் எழுதிவிடுகிறார்கள். அதுவும் நல்லதே.

சரியான எண் எது? முதல் மூன்று மாதத்துக்கு 2.5 என்று எல்லை வைப்பவர்களும் உண்டு, 4 வரை போகலாம் என்பவர்களும் உண்டு. வழிகாட்டுதல்கள் காலப்போக்கில் மாறியதால் வந்த வேறுபாடு இது. ஒரு மருத்துவர் மாத்திரை கொடுத்து, இன்னொருவர் "பார்ப்போம், அடுத்த மாதம் மறுபடி எடுங்கள்" என்று சொன்னால், ஒருவர் தவறு என்று முடிவுகட்ட வேண்டாம். 10-க்கு மேல் போனால் மட்டும் அதில் இரண்டு கருத்து இல்லை: மருந்து தேவை.

இரண்டு வீட்டுக்கு நடுவில் விழும் இடைவெளி

24 முதல் 28 வாரம் என்றால் நம் கணக்கில் ஆறு, ஏழாம் மாதம். நம் வீடுகளில் ஏழாம் மாதம் என்றால் என்ன? சீர், விருந்து, பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவது. மருத்துவர் மாறுகிறார், லேப் மாறுகிறது, சில நேரம் ஊரே மாறுகிறது. முதல் மருத்துவர், "அங்கே போய்ப் பார்த்துக்கொள்வார்கள்" என்று நினைக்கிறார். இரண்டாம் மருத்துவர், "அங்கேயே பார்த்திருப்பார்கள்" என்று நினைக்கிறார். கணவர் வெளிநாட்டில். ஃபைல் மாமியார் வீட்டு அலமாரியில். மிக முக்கியமான பரிசோதனை சரியாக அந்த இடைவெளியில் விழுந்து காணாமல் போகிறது.

இதற்குப் பெரிய மருத்துவ அறிவு தேவையில்லை. மூன்று காரியம் போதும்:

1. பெண்ணை அனுப்பும்போது மருத்துவ ஃபைலும் தாய்–சேய் நல அட்டையும் கூடவே போக வேண்டும். எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்துக் கணவருக்கும் தாய் வீட்டுக்கும் அனுப்பிவையுங்கள்.

2. புதிய மருத்துவர், "சர்க்கரை பார்த்தாச்சா?" என்று கேட்டால் "பார்த்தாச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வாரத்தில் பார்த்தது என்று சொல்லுங்கள். 24 வாரத்துக்கு முன் பார்த்தது மட்டும் போதாது.

3. சாப்பிடும் மாத்திரை, நிறுத்திய மாத்திரை இரண்டையும் சொல்லுங்கள். நிறுத்தியதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். மருத்துவர் திட்டினாலும் ஒரு நிமிடம்தான்.

தைராய்டு மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது?

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெண், பிள்ளைக்கு முயற்சி செய்யும்போதே மருத்துவரிடம் சொல்லி டி.எஸ்.எச். பார்த்துக்கொள்வது சிறப்பு. கர்ப்பம் உறுதியானதும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். பொதுவாகக் கால் பங்கு அல்லது அதைவிடச் சற்று அதிகம் கூட்டுவார்கள். அதனால் நாள் தள்ளிப்போனது தெரிந்தவுடனேயே மருத்துவரைப் பாருங்கள், மூன்றாம் மாதம் வரை காத்திருக்க வேண்டாம். 20 வாரம் வரை சுமார் 4 வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு 30 வாரத்தையொட்டி ஒருமுறையும் டி.எஸ்.எச். பார்ப்பது வழக்கம்.

காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே டீ, காபி, பசியாறல். கர்ப்பிணிக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக விழுங்குவது நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள். தைராய்டு அதிகம் உள்ளவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரைகள் வேறு வகை. அவற்றை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது, தொடரவும் கூடாது.

சாப்பாடும் உப்பும்

"இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்பது அன்பினால் சொல்வது. ஆனால் இரண்டு பேருக்கான சோறு என்று எடுத்துக்கொண்டால் ஆபத்து. சர்க்கரை என்று தெரிந்தால் முதலில் இரண்டு வாரம் உணவும் நடையும்தான் மருந்து. சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரை 120-க்குள் வராவிட்டால்தான் மாத்திரையோ இன்சுலினோ தொடங்குவார்கள். இன்சுலின் என்றதும் அழ வேண்டாம். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போவதில்லை. பெரும்பாலோருக்குப் பிரசவத்தோடு நின்றுவிடும்.

சோற்றை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிடுவதற்குப் பதிலாக, மூன்று சிறிய சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று சிறு தீனி என்று பிரித்துக்கொள்ளுங்கள். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு மீன், முட்டை, கோழி, பருப்பு, மீதிக் கால் பங்கில் சோறோ இடியாப்பமோ. இடியாப்பத்துக்குச் சீனி போட்ட தேங்காய்ப்பால் வேண்டாம், முட்டைக் குழம்போ கொண்டைக்கடலையோ வையுங்கள். பழத்தைப் பழமாகச் சாப்பிடலாம், ஜூஸாக வேண்டாம். பேரீச்சம்பழம் நல்ல உணவுதான், ஆனால் அதிலும் சர்க்கரை உண்டு. ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். மருத்துவர் தடை சொல்லாவிட்டால் சாப்பிட்ட பிறகு 10, 15 நிமிடம் நடப்பது சர்க்கரையை இறக்க நன்றாக உதவும்.

சீர் கொண்டுபோகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சர்க்கரை உள்ள பெண்ணுக்கு முன்னால் இனிப்புத் தட்டுகளை அடுக்கி, "ஒரு நாள்தானே" என்று வற்புறுத்தாதீர்கள். ஒவ்வொரு உறவினரும் ஒரு நாள் வருவார், ஆனால் அவளுக்கு அது தினமும் வரும் ஒரு நாள்.

தைராய்டுக்கு அயோடின் வேண்டும். மற்றவர்களுக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம் என்றால், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 250. அயோடின் கலந்த உப்பே நமக்கு எளிய வழி. கடற்கரை ஊர்களில் உப்பளத்திலிருந்து நேரே வரும் கல் உப்பில் அயோடின் சேர்ந்திருக்காது. ஆரோக்கியம் என்று சொல்லி விற்கும் இந்துப்பும் அதற்கு ஈடாகாது. பாக்கெட்டில் "அயோடின் கலந்தது" என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். மூடிய டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவரை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. சமைத்து அளவாகச் சாப்பிடுவதால் கெடுதல் இல்லை.

நோன்பு

ரமலானில் இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் வருகிறது. தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு வரும் என்று அஞ்சும் கர்ப்பிணிக்கு நோன்பை விட்டுவிட மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. இன்சுலினோ மாத்திரையோ எடுக்கும் கர்ப்பிணி நோன்பு வைப்பது ஆபத்து அதிகமுள்ள நிலை என்றே மருத்துவர்கள் கருதுகிறார்கள். "எல்லாரும் வைக்கிறார்கள், நான் மட்டும் எப்படி" என்று மனம் வருந்தும் பெண்ணுக்கு வீட்டில் உள்ளவர்கள்தான் ஆறுதல் சொல்ல வேண்டும். களா, ஃபித்யா பற்றி உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

உணவுக் கட்டுப்பாட்டிலேயே சர்க்கரை அடங்கியிருந்து, மருத்துவரும் சம்மதித்து நோன்பு வைத்தாலும், சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பான்மை ஆலிம்களின் கருத்து. 70-க்குக் கீழே இறங்கினாலோ, மயக்கம், நடுக்கம், பிள்ளையின் அசைவு குறைதல் என்று தெரிந்தாலோ உடனே நோன்பைத் திறந்துவிட வேண்டும். தைராய்டு மட்டும் உள்ளவர்கள் மாத்திரையைச் சஹர் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, இரவு சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துத் தூங்கப்போகும் முன்போ எடுக்கலாம்.

நாற்பது கழிந்த பிறகு

பிள்ளை பிறந்ததும் எல்லோர் கவனமும் பிள்ளைமேல் போய்விடும். தாயின் ஃபைல் மறுபடி அலமாரிக்குப் போய்விடும். ஆனால் பிரசவத்துக்கு 6 வாரம் கழித்து, அதாவது நாற்பது கழிந்தவுடன், இரண்டு பரிசோதனைகள் பாக்கி இருக்கின்றன. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்கள் வெறும் வயிற்றிலும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரத்திலும் சர்க்கரை பார்க்க வேண்டும். தைராய்டு உள்ளவர்களுக்கு மாத்திரை அளவு பழையபடி குறைக்கப்பட்டிருக்கும், அது சரியா என்று டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம்.

கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 7 முதல் 10 மடங்கு. இது பயமுறுத்த அல்ல. முன்கூட்டியே தெரிந்துகொள்ளக் கிடைத்த எச்சரிக்கை. எடையைக் கட்டுக்குள் வைத்து, நடந்து, வருடம் ஒருமுறை பார்த்துக்கொண்டால் பலரால் அதைத் தள்ளிப்போட முடிகிறது. தாய்ப்பால் கொடுப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது. தைராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே தாராளமாகக் கொடுக்கலாம்.

பிரசவமான முதல் வருடத்தில் சிலருக்குத் தைராய்டு புதிதாகத் தடுமாறும். ஓயாத சோர்வு, காரணமில்லாத அழுகை, படபடப்பு இருந்தால், "பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் ஒருமுறை இரத்தம் பாருங்கள். பிறந்த பிள்ளைக்கும் குதிகாலில் குத்தி எடுக்கும் தைராய்டு பரிசோதனை உண்டு. பிறந்து 2 நாள் கழித்து எடுப்பார்கள். எடுக்கவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள். பிறவியிலேயே தைராய்டு இல்லாத பிள்ளைக்கு முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கிவிட்டால் மூளை வளர்ச்சி காப்பாற்றப்படும்.

அட்டையின் பின்பக்கம் எழுதி வைக்க

• முதல் வருகை: சர்க்கரை, டி.எஸ்.எச்.
• 24–28 வாரம்: மறுபடி சர்க்கரை, எந்த வீட்டில் இருந்தாலும்.
• தைராய்டு உள்ளவர்: 20 வாரம் வரை மாதம் ஒருமுறை, 30 வாரத்தில் ஒருமுறை டி.எஸ்.எச்.
• தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு, கால்சியத்துக்கும் 4 மணி நேர இடைவெளி.
• பிரசவம் ஆகி 6 வாரம்: தாய்க்கு இரண்டு பரிசோதனையும்.

இந்த ஐந்து வரியை உங்கள் மகளோ மருமகளோ வைத்திருக்கும் அட்டையில் இன்றே எழுதிக் கொடுங்கள். பரிசோதனைக்கோ மாத்திரைக்கோ பணம் தடையாக இருந்தால், எட்டாம் மாதம் வரை காத்திருக்காமல் ஆரம்பத்திலேயே எங்களிடம் சொல்லுங்கள். அன்று துணிப்பையோடு வந்த அந்தத் தாயார், சென்ற மாதம் மறுபடி வந்தார், இந்த முறை பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்துக்கொண்டு. அந்தப் பெண்ணுக்கு 25-வது வாரம். "இவளுக்கு இன்னும் ரெண்டாவது சர்க்கரை பாக்கலே, எங்க போகணும்னு சொல்லுங்க" என்றார்.